மூணாவது கையெழுத்து

இல்லீங்க மேடம், டேப்ப அந்தச் செவுத்துல அழுத்திப் பிடிக்காதீங்க. சும்மா ஒட்டினாப்புல வச்சு அளந்துக்கோங்க. போன தடவ உங்க தொல்பொருள் ஆபீஸ்லேருந்து வந்தவர் விரலால ரெண்டு தட்டு தட்டிப் பாத்தார். ஒரு சோத்துத் தட்டு அளவுக்குக் காரை பேந்து அவர் கோட்டு மேலயே விழுந்துச்சு. பாவம், புதுக் கோட்டு. நான்தான் தொடச்சு விட்டேன்.

ஆமா, இந்த விரிசல் பூகம்பத்துல வந்தது. மூணு வருஷம் ஆகப் போவுது. அதோ சன்னலுக்கு மேல ஒண்ணு ஓடுதே, அது அதுக்கும் முந்தினது. எங்கப்பா காலத்து விரிசல். எனக்கும் அதுக்கும் ஏறக்கொறைய ஒரே வயசு. பூச விட்டாத்தானே? ஆணி அடிக்கக் கூடாது, சிமெண்டு தொடக் கூடாது, கூரைல ஒரு ஓடு மாத்தணும்னா மூணு மனு எழுதணும். கீழ இருக்கறது ரோமாக்காரன் கட்டின சண்டை அரங்கம், அதுக்கு ஆபத்து வந்துடக் கூடாதுன்னு சட்டம். அவன் செத்து ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆச்சு. அவனுக்கு இருக்கற மரியாத மேல உயிரோட குடியிருக்கறவனுக்கு இல்ல. கோவிச்சுக்காதீங்க, உங்கள சொல்லல. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி போட்ட சட்டம்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், இதுல உக்காருங்க. காபி போட்டு வச்சிட்டுத்தான் என் வீட்டுக்காரி வேலைக்குப் போனா. சக்கர கொஞ்சமா? சரி.

என்ன கேட்டீங்க? ஆமா, மூணு பேரு. எங்கம்மா ஹாத்திஜே, நான் பெசிம், அப்பறம் தம்பி சொகோல். அப்பா போய்ச் சேந்து பத்து வருஷம் ஆச்சு, வீடு இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. வீட்ட சர்க்காருக்கு எழுதிக் குடுக்கணும்னா மூணு பேரும் கையெழுத்துப் போடணும்னு நீங்க போன்லயே சொன்னீங்க. அம்மா மாடில இருக்கா. நான் இதோ இருக்கேன். தம்பி இத்தாலில. பாரிங்கற ஊர் பக்கம். விலாசம்தானே, தரேன் தரேன். ஆறிடப் போவுது, குடிங்க முதல்ல.

அந்தச் சன்னலத் தொறந்து பாருங்க. லேசா தூக்கித் தள்ளணும். தெரியுதா? உங்க வரைபடத்துல முழு வட்டமா போட்டிருப்பாங்க. இங்கேருந்து பாத்தா பாதிதான். மீதிப் பாதி நம்ம காலுக்கு அடில கெடக்கு. எங்க வீடு, பக்கத்துல சபிரி வீடு, அந்தாண்ட பூட்டிக் கெடக்கற ரெண்டு வீடு, எல்லாரும் அந்தப் படிக்கட்டு மேலதான் உக்காந்திருக்கோம். வேடிக்க பாக்க வந்துட்டு, ஆட்டம் முடிஞ்சும் எழுந்து போகத் தெரியாதவங்க மாதிரி.

எங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, அது எங்கம்மா கண்டுபிடிச்சது. அறுபத்தாறுல. கல்யாணமாகி வந்த புதுசு. கொல்லைல துணி தொவச்சிட்டு அழுக்குத் தண்ணிய ஒரு மூலைல ஊத்துவாளாம். எத்தன வாளி ஊத்தினாலும் அந்த எடம் நனையவே நனையாதாம். மாமியார்கிட்ட சொன்னா திட்டுவாங்கன்னு ஒரு மாசம் யார்கிட்டயும் சொல்லல. அப்பறம் அப்பாகிட்ட சொன்னா. அப்பா துறைமுகத்துல கிரேன்ல வேல பாத்தவர், கயிறெல்லாம் நெறைய வச்சிருப்பார். ஒரு கல்லக் கட்டி எறக்கினார். மொத்தக் கயிறும் உள்ள போச்சு. அவருக்கு வேர்த்துப் போச்சாம். அந்தக் காலம் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு அடில பள்ளம் இருக்குன்னா, யார ஒளிச்சு வைக்கப் பள்ளம்னுதான் முதல்ல கேப்பாங்க. அவரே ஓடிப்போய்க் கட்சி ஆபீஸ்ல சொல்லிட்டார். முதல்ல போலீஸ் வந்து எட்டிப் பாத்துச்சு. அப்பறம்தான் படிச்சவங்க வந்தாங்க. அவங்க ஏற்கெனவே மேட்டுக்கு அந்தப் பக்கம் தோண்டிட்டு இருந்தாங்க, அது இதுவரைக்கும் வருதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சந்தோஷம்னா சந்தோஷம் அவங்களுக்கு. அம்மா கையப் பிடிச்சுக் குலுக்கினாங்களாம். உங்க வீட்ட அடுத்த வருஷம் எடுத்துக்கறோம், புது வீடு குடுத்துடுவோம்னு சொன்னாங்களாம்.

அடுத்த வருஷம். நான் பொறக்கல இன்னும். எனக்கு இப்ப அம்பத்து மூணு.

கீழ எறங்கிப் பாக்கறீங்களா? அப்பறம் போலாம், செருப்பு வழுக்கும். எங்க நெலவறைல பின்பக்கம் ஒரு பலகை இருக்கு, அதத் தள்ளினா வளைவு வளைவா போற வழி. ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன அறை. அதுலதான் மிருகத்தக் கட்டி வச்சிருந்தாங்கன்னு ஒருத்தர் சொல்வார், மனுசனத்தான்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டும் இருந்திருக்கும். அந்த ஆட்டம் எல்லாம் நின்னதுக்கு அப்பறம் சாமி கும்பிடறவங்க வந்து உள்ளயே சின்னதா ஒரு மாதா கோயில் கட்டியிருக்காங்க. செவுத்துல கலர்க் கல்லு ஒட்டின படம் இன்னும் இருக்கு. பெரிய கண்ணு, எந்தப் பக்கம் நின்னாலும் நம்மளத்தான் பாக்கும். அதச் சுத்தியே பொணத்தப் பொதச்சிருக்காங்க. அப்பறம் மண்ணு மூடிப் போச்சு, துருக்கிக்காரன் காலத்துல அது மேல வீடு வந்துச்சு. சாவறத வேடிக்க பாத்த எடம், அப்பறம் செத்தவனுக்குத் தொழுத எடம், அப்பறம் எங்கப்பா ஊறுகாய் ஜாடி வச்ச எடம். கோழி வளத்தோம் கொஞ்ச நாள். சிங்கம் படுத்த எடத்துல கோழி.

நானும் தம்பியும் தெருப் பசங்களும் அங்கதான் விளையாடுவோம். நாங்கல்லாம் வாளு வச்ச வீரனுங்க. சொகோல்தான் சிங்கம். எப்பவும் அவன்தான். ஏன்னா அவன் சின்னவன், எங்களுக்குக் கொல்றதுக்கு ஒருத்தன் வேணும்ல. அவனும் சளைக்காம சாவான். கையக் கால உதறி, நாக்கத் தள்ளி, ரொம்ப நேரம் எடுத்துக்குவான். போதும்டா செத்துடுன்னு நாங்க கெஞ்சணும்.

விலாசம்... இருங்க, அலமாரில எழுதி வச்சிருக்கேன். அவன் வீடு மாத்திட்டே இருப்பான். கட்டட வேல. எங்க வேல நடக்குதோ அங்க போய்டுவான்.

மேல தட்டறா. கேக்குதா? அவ தடிதான். ஒரு நிமிஷம்.

ம்மா! கரண்டு மீட்டர் பாக்க வந்திருக்காங்கம்மா! மீட்டரு! ஆமா, பொண்ணுதான்!

மன்னிச்சுக்கோங்க. உங்கள மீட்டர்காரியாக்கிட்டேன். வீட்டு விஷயமா ஆள் வந்திருக்குன்னு தெரிஞ்சா இன்னைக்குப் பூரா சாப்பிட மாட்டா. போன மாசம் உங்க ஆபீஸ் கடுதாசி வந்தப்ப ரெண்டு நாள் தண்ணி கூடக் குடிக்கல. எழுபத்தொம்பது வயசு மேடம். காது பாதி போச்சு, முட்டி ரெண்டும் போச்சு. கக்கூஸு கொல்லைல இருக்கு, பாத்தீங்கள்ல. உள்ள கட்ட அனுமதி இல்ல, கட்டினா கீழ ஈரம் எறங்குமாம். மாடிலேருந்து கொல்லைக்குப் பதினோரு படி. ஒரு நாளைக்கு நாலு தடவ முதுகுல தூக்கிட்டு எறங்கறேன். நான் வேன் ஓட்டறவன், தலைநகரம் திரானாவுக்கும் இங்கயும். பகல்ல ரெண்டு நடைக்கு நடுவுல வந்து அவளத் தூக்கிட்டுப் போய்ட்டு வந்து வச்சிட்டு ஓடணும். அவ எடையே இல்ல, அது பிரச்சன இல்ல. முதுகுல இருந்துட்டு பேசிட்டே வருவா. இப்படித் தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு வெக்கமா இருக்குடான்னுவா.

நீங்க குடுக்கறேன்னு சொல்ற அந்த வீட்ட நான் போய்ப் பாத்தேன். கடற்கரை ரோட்டுல. முதல் மாடி, லிஃப்டு வேல செய்யுது. கக்கூஸு படுக்கை அறைக்குள்ளயே. நான் அந்த வாசப்படில நின்னு, சொன்னா சிரிப்பீங்க, அழுதேன். எனக்குக் கையெழுத்துப் போட ஒரு நொடி ஆகாது. அவதான். போக மாட்டாளாம். சொகோல் வருவான், இந்த வீடுதான் அவனுக்குத் தெரியும், இங்க வந்து பாத்தா வீடு இருக்காது, பள்ளமும் கல்லும்தான் இருக்கும், டிக்கெட் வாங்கிட்டு வரவன்ல எவன் என் புள்ளன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறா. பூகம்பத்தன்னைக்குத் தெருவே காலி. அவ மட்டும் கட்டிலப் பிடிச்சுட்டு எறங்க மாட்டேன்னுட்டா.

போன் நம்பரா? இருக்கு. ஆனா இத்தாலி நம்பர் இல்ல, இங்கத்த நம்பரே ஒண்ணு வச்சிருக்கான், வரப்ப போறப்ப... எழுதிக்கறீங்களா? சரி. ஆறு எட்டு... ம். ம். நாப்பத்தொண்ணு. ஆமா, கடைசி நாப்பத்தொண்ணு.

இப்பவேவா? வேணாம் மேடம், இப்ப வேலைல இருப்பான். சாரத்து மேல நிப்பான், எடுக்க மாட்டான். சாயங்காலமா நானே... மேடம், ஒரு நிமிஷம்...

ஆமா. என் பைதான் அடிக்குது.

கட் பண்ணிடுங்க. அம்மாவுக்கு அந்தச் சத்தம் மட்டும் எப்படியோ கேட்டுடும். சொகோல் கூப்பிடறான்னு நெனச்சுப்பா.

அப்படிப் பாக்காதீங்க. நான் பணத்துக்காகப் பண்ணல. தம்பி பங்க முழுங்கப் பாக்கறான்னு எழுதிடாதீங்க. இந்த ரெண்டாவது போன் அம்மாவுக்காக வாங்கினது. மாசத்துக்கு ஒரு தடவ சொகோல் கூப்பிடுவான். அதாவது நான் கூப்பிடுவேன். அந்தப் பலகைக்குப் பின்னாடி, வளைவு ஆரம்பிக்கற எடத்துல நின்னு பேசுவேன். ரெண்டு அடி உள்ள போனா சிக்னல் போயிடும், அதனால வாசல்லயே நிக்கணும். அங்க பேசினா குரலு மாறிடும் மேடம். கிணத்துக்குள்ளேருந்து வர மாதிரி வரும். அம்மா சொல்வா, இத்தாலி ரொம்ப தூரம், பாரு எவ்வளவு ஆழத்துலேருந்து பேசறான்னு. அவளுக்கு நேர் கீழ நின்னுட்டிருப்பேன். சாப்டியாடான்னு கேப்பா. சாப்டேம்மான்னுவேன்.

அதுக்கு முன்னாடி கடுதாசி. இங்கேருந்து படகுல லாரி போகும்ல, தெரிஞ்ச டிரைவர்கிட்ட குடுத்து விடுவேன். அங்க போய்த் தபால்பெட்டில போடுவான். இத்தாலி ஸ்டாம்பு ஒட்டி வரும். எடது கையால எழுதுவேன். இருபது வருஷம். கடைசில எடது கை எழுத்து என் வலது கைய விட அழகா ஆயிடுச்சு.

இத்தாலிக்குப் போனது நெசம். தொண்ணூத்தொண்ணு, ஆகஸ்டு. கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தக் கப்பல். சக்கர மூட்ட எறக்க வந்த கப்பல்ல ஊரே ஏறிடுச்சே, அது. எனக்கு இருபத்திரெண்டு, அவனுக்குப் பதினேழு. காலைல அம்மா அவனப் பாலுக்கு அனுப்பினா. அப்பல்லாம் பாலுக்கு ரெண்டு மணி நேரம் வரிசை. நான் பஞ்சாலைல வேல இல்லாம தெருவச் சுத்திட்டு இருந்தேன். திடீர்னு சனம் எல்லாம் துறைமுகத்தப் பாத்து ஓடுது. கதவத் தொறந்துட்டாங்க, கப்பல் நிக்குது, யார் வேணா போலாம்னு கத்திட்டே ஓடறாங்க. நானும் ஓடினேன். போற வழில பால் வரிசை. அவன் கைல காலிப் பாட்டிலோட நிக்கறான். வாடான்னேன். பாலு வாங்கலியேன்னான். அங்க போய்ப் பால்லயே குளிக்கலாம் வாடான்னு சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். பாட்டில என்ன பண்ணான்னு எனக்குத் தெரியல. அம்மா இன்னிக்கும் அவன் இத்தாலிக்குப் போனான்னு சொல்ல மாட்டா. பாலுக்குப் போனவன்னுதான் சொல்வா.

கயிறு பிடிச்சு ஏறினோம். எத்தன ஆயிரம் பேருன்னு யாருக்குத் தெரியும். ஒரு காலத் தூக்கினா மறுபடி வைக்க எடம் இருக்காது. ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி பகல். வெயிலு. குடிக்கத் தண்ணி இல்ல. சொகோல் வாளி விட்டு எடுத்த கடல் தண்ணியக் குடிச்சிட்டான். வேணாம்டான்னேன். கொஞ்சந்தான்னான். மறுநாள் கர தெரிஞ்சப்ப எல்லாரும் இத்தாலி இத்தாலின்னு கத்தினாங்க. அவனுக்குக் கத்தக் கூட முடியல, வாய் வெடிச்சுப் போச்சு. சிரிச்சான் என்னப் பாத்து.

அங்க எங்கள எங்க வச்சாங்க தெரியுமா? ஒரு விளையாட்டு மைதானத்துல. பெரிய வட்டம். சுத்திப் படிக்கட்டு. படிக்கட்டுக்கு அடில வளைவு வளைவா வழி. சொகோல் உள்ள நொழஞ்சதும் நின்னு சுத்திப் பாத்தான். அண்ணா, இது நம்ம வீடுன்னான். அவ்வளவு காய்ச்சல்லயும். அப்பறம் கேட்டான், இந்தத் தடவ சிங்கம் எந்தப் பக்கத்துலேருந்து வரும்?

எங்கள உள்ள வச்சு மூடிட்டாங்க. அத்தன ஆயிரம் பேர எங்க வைப்பாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டாம் நாளே உள்ள அடிதடி. எங்காளுங்கதான். பலமானவன் கதவுகிட்ட நின்னு வரத எல்லாம் பிடுங்கிக்கறான். அதனால மேலேருந்து ஹெலிகாப்டர்ல ரொட்டி போட்டாங்க. தண்ணிப் பாட்டில் போட்டாங்க. நீங்க டிவில பாத்திருப்பீங்க. சுத்தி இருந்த வீட்டு மாடிலேருந்தெல்லாம் சனம் பாத்துட்டு நின்னுச்சு. நான் குத்தமா சொல்லல. நானா இருந்தாலும் வந்து பாத்திருப்பேன்.

மூணாம் நாள் அவன நெழல்ல, படிக்கட்டுக்கு அடில அந்த வழில படுக்க வச்சேன். கண்ணு உள்ள போயிடுச்சு. இங்கயே இரு, ரொட்டி எடுத்துட்டு வரேன்னேன். வெளிய போனேன். எனக்கு அன்னைக்குத்தான் சண்ட போடத் தெரிஞ்சுது. ஒருத்தன் மூஞ்சில முழங்கையால இடிச்சேன், பல்லு பட்டுக் கிழிஞ்சுது, இதோ தழும்பு. ஒரு முழு ரொட்டி. சட்டைக்குள்ள வச்சு மறச்சு எடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா அவன் இல்ல. தூக்குப் படுக்கைல யாரையோ தூக்கிட்டுப் போனாங்கன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். நானும் தேடினேன். நாலு நாள் கழிச்சு எங்கள பஸ்ல ஏத்தினாங்க. வேற ஊருக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு நம்பி ஏறினோம். விமானம் எறங்கினப்ப பாத்தா திரானா.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அம்மா வாசல்ல நின்னா. என்னக் கட்டிப் பிடிக்கல. எனக்குப் பின்னாடி பாத்தா. சொகோல் எங்கன்னா. செவுரேறிக் குதிச்சுத் தப்பிச்சிட்டாம்மா, அவன் இத்தாலிலயே தங்கிட்டான், கெட்டிக்காரன், நான்தான் மாட்டிக்கிட்டேன்னேன். அப்படிப் பல பேரு நெசமாவே தப்பிச்சாங்க மேடம், அதனால நம்பறதுக்குக் கஷ்டமா இல்ல. நாளைக்குச் சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா அவ சந்தோஷப்பட்டுட்டா. அது எனக்குத் தோணவே இல்ல, சந்தோஷப்படுவான்னு. வீட்ல இருந்த கடைசி சக்கரையப் போட்டு அல்வா கிண்டித் தெருவுக்கே குடுத்தா. சபிரி சம்சாரம் பொறாமைப்பட்டுப் பேசவே இல்ல ஒரு வாரம். அந்த அல்வாவ எல்லாரும் தின்னதுக்கு அப்பறம் நான் எப்படிச் சொல்றது?

அப்பா? அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கறேன். கேக்கல. ஒரு தடவ நான் எடது கையால எழுதிட்டு இருந்தப்ப உள்ள வந்தார். விளக்க என் பக்கமா நகத்தி வச்சிட்டுப் போயிட்டார்.

தேடாம இல்ல. தொண்ணூத்தெட்டுல விசா கெடச்சுது, போனேன். அந்த மைதானத்த விசாரிச்சுப் போய் நின்னேன். உள்ள பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு ஓட்டப்பந்தயம். பெத்தவங்க படிக்கட்டுல உக்காந்து கை தட்டறாங்க. வாசல்ல காவலாளி, வயசானவர், நல்ல மனுசன். அப்ப இருந்தவரா இருக்கலாம். இத்தாலி பாஷ எனக்கு வரும், திருட்டு ஆண்டெனா வச்சு டிவி பாத்துக் கத்துக்கிட்டது. என்ன கேக்கணும்னு படகுலயே பத்து தடவ சொல்லிப் பாத்திருந்தேன். தொண்ணூத்தொண்ணுல இங்கேருந்து தூக்கிட்டுப் போன பையனுங்கள எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க? அவ்வளவுதான் கேள்வி. அவர் என்ன வேணும்னு கேட்டார். கக்கூஸு எங்க இருக்குன்னு கேட்டேன். காமிச்சார். போனேன். வெளிய வந்து, பஜார்ல ஒரு நீலச் சால்வ வாங்கினேன், சொகோல் குடுத்தான்னு அம்மாகிட்ட குடுக்கறதுக்கு. இன்னைக்கும் அதத்தான் போத்திட்டிருக்கா மேல.

ஏன் கேக்கலன்னா... கேட்டா அவர் பதில் சொல்லிட்டார்னா?

சரி. நீங்க சொல்றது புரியுது. காணாமப் போனவர்னு கோர்ட்டுல மனுப் போடணும். பேப்பர்ல விளம்பரம் வரும். தாயார் வாக்குமூலம் குடுக்கணும். ஜட்ஜ் வீட்டுக்கே ஆள் அனுப்புவார், ஆனா அவகிட்ட கேட்டே ஆகணும். வேற வழி இல்ல. இல்லன்னு எனக்கும் தெரியும், ரெண்டு வக்கீல்கிட்ட ஏற்கெனவே கேட்டுட்டேன். அவன் உயிரோட இருந்தா கையெழுத்துப் போடணும், செத்துட்டான்னா சான்றிதழ் வேணும், ரெண்டும் இல்லன்னா அவளுக்குச் சொல்லணும். சொல்லலன்னா இந்த வீடு அவ மேலயே விழும், சொன்னா... ரெண்டுல எது மொதல்ல விழும்னுதான் பாத்துட்டு இருக்கேன். நீங்க நல்ல மாதிரி இருக்கீங்க. ஏதாவது ஒரு வழி வச்சிருப்பீங்களோன்னு நெனச்சுத்தான் காலைலேருந்து பேசிட்டே இருக்கேன். இல்லன்னா இல்ல. உங்க கைல என்ன இருக்கு.

அந்தப் படிவம்தானா அது? குடுங்க, படிங்க, நான் சொல்றேன்.

பேரு சொகோல். அப்பா பேரு காமில். பொறந்தது எழுபத்து நாலு, மார்ச்சு. கடைசியா பாத்த தேதி... ஆகஸ்டு, பத்தோ பதினொண்ணோ. பத்துன்னே போடுங்க. எடம், அந்த மைதானம். பாத்தவர், அண்ணன். எந்த நெலைல பாத்தீங்கன்னு கேட்டிருக்கா? படுத்திருந்த நெலைல.

இல்ல, அத மாத்திடுங்க. தூக்கிட்டுப் போற நெலைலன்னு போடுங்க. ஆமா, அவன் இல்லாத எடத்துக்கு நான் வந்ததா முன்னாடி சொன்னேன். என் வீட்டுக்காரிகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். சர்க்காரு காகிதம்ங்கறீங்க, கீழ நான் கையெழுத்துப் போடணும், அதனால சரியாவே போட்டுக்கோங்க.

நான் வந்தப்ப அவன் அங்கதான் இருந்தான். நான் தூண் பக்கத்துல நின்னுட்டிருந்தேன், பத்தடில. அவனுக்கு வைக்காம தின்னுடணும்னு எல்லாம் இல்ல, ஒரு வாய் தின்னுட்டுத் தெம்பா போவோம்னு பிச்சு வாய்ல போட்டேன். அப்ப ரெண்டு ஆளும் ஒரு கன்னியாஸ்திரி அம்மாவும் தூக்குப் படுக்கையோட வந்தாங்க. அவனக் குனிஞ்சு பாத்தாங்க. அந்தம்மா அவன் கண்ணத் தொறந்து பாத்துச்சு. தூக்கி வச்சாங்க. ஒரு கை வெளிய தொங்குச்சு. மூச்சு இருந்துச்சா இல்லையான்னு அங்கேருந்து எனக்குத் தெரியல. அந்தம்மா நிமிந்து சுத்தி எல்லாரையும் பாத்துக் கேட்டுச்சு. இந்தப் பையனோட யாராவது இருக்கீங்களா?

உள்ள எல்லாரும் பேசிக்கிட்டாங்க, அந்தக் கதவத் தாண்டிப் போறவன நேரா திருப்பி அனுப்பறாங்க, உள்ளயே பிடிவாதமா இருக்கறவனத்தான் இத்தாலில விடுவாங்கன்னு. யார் சொன்னதுன்னு தெரியாது, எல்லாரும் சொன்னாங்க.

வாய்ல ரொட்டி இருந்துச்சு மேடம், காஞ்ச ரொட்டி, எச்சில் இல்ல, பேச வரல. முப்பது வருஷமா நான் எனக்கு அப்படித்தான் சொல்லிட்டு வரேன்.

முழுங்கினதுக்கு அப்பறமும் அவங்க அங்கயேதான் நின்னுட்டிருந்தாங்க. அந்தம்மா ரெண்டாந்தடவ கேட்டுச்சு.

கூட இருந்தவர் யாருன்னு ஒரு கட்டம் இருக்கே அதுல, யாரும் இல்லன்னு போட்டுக்கோங்க. அப்படித்தான் அவங்களும் எழுதிட்டுப் போனாங்க.